தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குப் பட்டப்படிப்பு எதற்கு?



2025ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு நம் மறைமாவட்டப் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளைக் கலங்கடித்தது. நீதிபதிகள் தீபங்கர் தத்தா, மன்மோகன் ஆகியோர் அடங்கிய அமர்வு சொன்னது இதுதான்: ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்கள், பணியில் எந்த ஆண்டு சேர்ந்திருந்தாலும், ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டு கெடு. ஐந்து ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் தேர்வு எழுதாமலே தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்க முடியாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதை மட்டும் அந்த அமர்வு தானே முடிவு செய்யாமல், பெரிய அமர்வின் பார்வைக்கு விட்டது. 2014 மே மாதத்தில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, பிரமதி வழக்கில், கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று கூறியிருந்ததே அதற்குக் காரணம்.

இச்செய்தி வந்தபின் நம்மிடையே இரண்டு விதமான பேச்சு எழுந்தது. "நமக்குத்தான் விலக்கு இருக்கிறதே சாமி, நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்பது ஒன்று. "இருபது வருடம் பாடம் எடுத்தபிறகு பரீட்சை எழுதச் சொல்கிறார்களே, இது நியாயமா?" என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டிலுமே பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லை. ஒரு குழந்தைக்கு முதன்முதலில் எழுத்தைக் காட்டுகிறவர் எவ்வளவு படித்திருக்க வேண்டும், அவரை உருவாக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை நாம் பங்குப் பேரவைகளில்கூடக் கேட்பதில்லை. அதைப்பற்றியே இவ்வாரம் சிந்திக்க விரும்புகிறோம்.

சின்னப் பிள்ளைக்குச் சின்னப் படிப்பா?

நம் ஊர்களில் ஒன்று முதல் ஐந்து வரை கற்பிப்பவரை இடைநிலை ஆசிரியர் என்கிறோம். இந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த நாளில் எட்டாம் வகுப்பு முடித்துப் பயிற்சி பெற்றவர் 'ஹையர் கிரேடு', எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பயிற்சி பெற்றவர் 'செகண்டரி கிரேடு'. அந்தச் செகண்டரி கிரேடுதான் தமிழில் இடைநிலை ஆயிற்று. இன்று பிளஸ் டூ முடித்து, இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் பெற்று, தகுதித் தேர்விலும் தேறினால் போதும். பட்டமும் பி.எட். படிப்பும் முடித்தவர் 'பட்டதாரி ஆசிரியர்'. அவர் மேல் வகுப்புக்குரியவர். சின்னப் பிள்ளைக்குச் சின்னப் படிப்பு, பெரிய பிள்ளைக்குப் பெரிய படிப்பு என்ற எண்ணம் பெயரிலேயே ஊறிப்போய்விட்டது.

இந்த எண்ணத்தை 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று வந்த மற்றோர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தலைகீழாக்கியது. பி.எட். முடித்தவர்களும் தொடக்க வகுப்புகளில் ஆசிரியராகலாம், சேர்ந்தபிறகு ஆறு மாத இணைப்புப் பயிற்சி பெற்றால் போதும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018இல் அறிவித்திருந்தது. அது செல்லாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. "எம்.எஸ்சி., பி.எட். முடித்த என் மகள் ஒன்றாம் வகுப்புக்கு ஆகாதவளா?" என்று ஒரு தகப்பனார் நம்மிடம் வந்து வருத்தப்பட்டார். அவர் வருத்தம் புரிகிறது. ஆனால் நீதிமன்றம் அவர் மகளின் படிப்பைக் குறைத்துப் பேசவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வேதியியல் சொல்லிக் கொடுக்கும் திறமை வேறு, ஐந்து வயதுப் பிள்ளையை வாசிக்க வைக்கும் திறமை வேறு, இரண்டாவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

அந்தத் திறமை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 என்று நாம் எல்லோரும் ஒப்பித்திருக்கிறோம். பெரியவர்களுக்கு இது கணக்கு. ஐந்து வயதுக் குழந்தைக்கு இது காடு. 'கல்' என்னும்போது ஓர் ஒலி, 'அகம்' என்னும்போது வேறோர் ஒலி, 'தங்கம்' என்னும்போது இன்னோர் ஒலி. மூன்றுக்கும் எழுத்து ஒன்றுதான். ச, ட, த, ப ஆகியவற்றுக்கும் இதே கதை. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக் கொடுத்த குழந்தை இங்கே தடுமாறுவதில் என்ன வியப்பு? வீட்டில் 'வந்துச்சு' என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் 'வந்தது' என்று பார்க்கிறது. தன் தாயின் பேச்சே தவறு என்று அது நினைத்துக்கொள்ளாதபடி ஆசிரியர் அதை எழுத்துத் தமிழுக்குக் கைபிடித்து அழைத்துவர வேண்டும். இதெல்லாம் பாசம் இருந்தால் தானே வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராது.

கணக்கிலும் அப்படித்தான். 52இல் 37 போனால் மீதி என்ன என்று கேட்டால் சில பிள்ளைகள் 25 என்று எழுதும். சிவப்பு மையால் தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அந்தப் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க முடியாததால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 போட்டது, ஐந்திலிருந்து மூன்றைக் கழித்து 2 போட்டது. அதற்கென்று ஒரு விதி அதன் மனதில் இருக்கிறது. அந்த விதிதான் தவறு. பத்துகளும் ஒன்றுகளும் அதற்கு இன்னும் பிடிபடவில்லை. இதைக் கண்டுகொள்ளும் ஆசிரியர் புளியங்கொட்டைகளையும் குச்சிக் கட்டுகளையும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் அதன் அருகில் உட்காருவார். கண்டுகொள்ளாதவர் 'மக்கு' என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு சொல் எத்தனை ஆண்டுகள் ஒரு மனிதனைத் தொடர்கிறது என்பதை ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்கிற எந்தக் குருவும் அறிவார்.

மூன்றாம் வகுப்புக்கு வந்தும் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியாத குழந்தைகள் பெரும்பாலோர் என்பதை ஆசர் ஆய்வறிக்கைகள் மீண்டும் மீண்டும் காட்டி வந்துள்ளன. கொரோனா காலத்து இடைவெளியை நிரப்பத் தமிழக அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டு வந்ததும் இக்குறையை மனதில் வைத்துத்தான். திட்டம் வரும், போகும். வகுப்பறையில் நிற்பவர் முப்பது ஆண்டுகள் நிற்பார்.

நான்கு ஆண்டுப் படிப்பும் ஏழை வீட்டுப் பெண்ணும்

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2030க்குள் எல்லா நிலை ஆசிரியர்களுக்கும் நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பி.எட். பட்டமே குறைந்தபட்சத் தகுதியாக இருக்க வேண்டும் என்கிறது. 2023-24 கல்வியாண்டில் நாடெங்கும் 57 நிறுவனங்களில் அப்படிப்பு தொடங்கப்பட்டது. மழலை நிலை, ஆயத்த நிலை என்று சிறுபிள்ளைகளுக்கென்றே அதில் தனிப் பிரிவுகள் உண்டு. இக்கொள்கையைத் தமிழக அரசு ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் தனது மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. மும்மொழிப் பிரச்சினை முதலியவற்றில் தமிழகத்தின் மறுப்புக்கு வலுவான காரணங்கள் உண்டு. அதற்குள் நாம் இங்கே போகவில்லை.

ஆனால் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குப் பட்டம் வேண்டும் என்பது 2020இல் பிறந்த எண்ணமல்ல. சட்டோபாத்யாயா தலைமையிலான தேசிய ஆசிரியர் ஆணையம் 1980களிலேயே பிளஸ் டூவுக்குப் பின் நான்கு ஆண்டுப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1994இல் தொடக்கக் கல்விக்கென்றே நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பின்லாந்து நாட்டில் 1979 முதல் ஒன்றாம் வகுப்பு ஆசிரியரும் முதுகலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். ஆகவே எந்த அரசு சொன்னது என்று பார்த்துக் கருத்தை ஏற்பதும் தள்ளுவதும் நமக்கு அழகல்ல.

இருந்தாலும் ஒரு கவலை நமக்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுப் பயிற்சிப் பள்ளி என்பது நம் கிராமத்துப் பெண்களுக்கு ஓர் ஏணியாக இருந்தது. பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம் என்று தயாராக இருந்த வீட்டில், "இரண்டே வருடம்தானே, சிஸ்டர்மாரிடம்தானே இருக்கப் போகிறாள்" என்று சொல்லித் தகப்பனைச் சம்மதிக்க வைக்க முடிந்தது. மீனவர் குடும்பத்திலும் தலித் குடும்பத்திலும் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் பெரும்பாலும் இப்படிப் படித்த ஓர் ஆசிரியைதான். அருட்சகோதரிகள் நடத்திய பயிற்சிப் பள்ளிகளின் விடுதிகள் எத்தனை வீடுகளுக்கு விளக்கேற்றியிருக்கின்றன என்பது நம் மூத்த பங்கு மக்களுக்குத் தெரியும். 2000களில் தனியார் பயிற்சி நிறுவனங்கள் காளான்போல் முளைத்தன. பயிற்சி முடித்தவர்கள் பெருகினார்கள், வேலை பெருகவில்லை. 2012இல் நடந்த முதல் தகுதித் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. பிறகு மாணவிகள் வராமல் பல நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன.

இப்போது இரண்டு ஆண்டு நான்கு ஆண்டாகிறது என்றால், அந்த ஏணியின் கீழ்ப்படி இன்னும் உயரத்திற்குப் போகிறது. கடன் வாங்காமல் நான்கு ஆண்டு படிக்கக்கூடியவர்கள் மட்டுமே ஆசிரியராவார்கள். அவர்களில் எத்தனை பேர் உப்பளத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தர ஆசைப்பட்டு வருவார்கள்? படிப்பு நீள வேண்டும் என்பதும், ஏழைப் பெண் வெளியே நிறுத்தப்படக் கூடாது என்பதும், இரண்டும் நமக்கு வேண்டியவை. இரண்டையும் சேர்த்துச் சுமப்பதற்கு யாராவது செலவு செய்தாக வேண்டும்.

பங்கு மேசையில் அமர்ந்த வாத்தியார்கள்

திருச்சபையின் வரலாற்றில் இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். தூத்துக்குடியில் லசால் பள்ளி என்றால் தெரியாதவர் இல்லை. அப்பெயருக்குரிய புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் 1651இல் பிரான்சின் ரைம்ஸ் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே பேராலயத்தின் கானன் பதவி, 1678இல் குருத்துவம், 1680இல் இறையியலில் முனைவர் பட்டம். அக்காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த வாத்தியார்களுக்கு ஊரில் மதிப்பு கிடையாது. வேறு வேலை கிடைக்காதவர்கள் செய்த வேலை அது. பட்டம் பெற்ற அந்த இளங்குரு, அப்படிப்பட்ட வாத்தியார்களைத் தம் வீட்டுக்கு அழைத்துத் தம் மேசையில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். உறவினர்கள் கொதித்துப் போனார்கள். அவர் 1683இல் கானன் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் சொத்தை ஏழைகளுக்கு உணவாக்கினார். 1685இல் கிராமத்து ஆசிரியர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஐரோப்பாவின் முதல் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. பிள்ளைகளுக்கு இலத்தீனில் அல்ல, அவர்கள் பேசும் பிரெஞ்சிலேயே முதலில் வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். ஆங்கிலவழி மோகத்தில் இருக்கும் நமக்கு இது சற்று உறைக்க வேண்டும். 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

இறையியல் முனைவர் ஒருவர் தம் படிப்பையெல்லாம் அரிச்சுவடி வாத்தியாரை உருவாக்குவதில் கொட்டினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு, அது நம் சென்னையிலேயே பிறந்தது. எழும்பூரில் 1789இல் தொடங்கப்பட்ட ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலிக்கன் போதகர், நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதையும், மணலில் விரலால் எழுதுவதையும் கண்டார். மூத்த பிள்ளையே இளைய பிள்ளைக்கு ஆசிரியர் என்ற அந்த முறையை அவர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது 'மெட்ராஸ் முறை' என்று புகழ்பெற்றது. ஒரே ஓர் ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம், செலவு குறைவு. திண்ணைப் பள்ளியில் அது நட்பாக இருந்தது. அங்கே அது சிக்கனமாக மாறியது. ஏழைப் பிள்ளைக்கு மலிவான ஆசிரியர் போதும் என்ற நினைப்பு இன்றும் பல உருவங்களில் உலவுகிறது. நம் வளாகங்களுக்குள்ளும் உலவுகிறது.

தமிழகத் திருச்சபை ஆசிரியர் கல்வியில் குறைவாகச் செய்யவில்லை. பாளையங்கோட்டையில் சேசு சபையினர் 1950இல் தொடங்கிய புனித சவேரியார் கல்வியியல் கல்லூரியும், அதே ஊரில் 1957இல் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரியும் உருவாக்கிய ஆசிரியர்கள் தென் மாவட்டமெங்கும் பரவினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் பட்டக் கல்லூரிகள் உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியர்களை உருவாக்கின. தொடக்கப் பள்ளிக்குரியவர்களைச் சான்றிதழ்ப் பயிற்சிப் பள்ளிகளிடம் விட்டுவிட்டோம். நம் பங்குகளில் பெரும்பாலானவற்றில் கோவிலுக்கு அடுத்தபடியாகக் கட்டப்பட்டது தொடக்கப் பள்ளிதான். மேற்படிப்பின் கண் அதன்மேல் அதிகம் படவில்லை.

கிறிஸ்தவப் பார்வை என்றால் என்ன?

கிறிஸ்தவக் கண்ணோட்டத்தில் ஆசிரியர் பயிற்சி என்றவுடன், வாரம் ஒரு மணி நேரம் மறைக்கல்வி, முதல் வெள்ளித் திருப்பலி, ஆண்டுக்கு ஒரு தியானம் என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். அவை நல்லவைதான். ஆனால் நம் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பலர் கிறிஸ்தவர் அல்லர். ஆசிரியர்களிலும் பிற சமயத்தவர் உண்டு. அவர்களும் பகிர்ந்துகொள்ளக் கூடியதாக அந்தப் பார்வை இல்லையென்றால் அது வகுப்பறைக்குள் நுழையாது.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றிய ஏட்டில், ஆசிரியர்கள் உலக அறிவிலும் சமய அறிவிலும் மிகுந்த கவனத்தோடு தயாரிக்கப்பட வேண்டும், உரிய தகுதிகள் பெற்றிருக்க வேண்டும் என்று கூறியது. 1982இல் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் பள்ளிகளில் பணியாற்றும் பொதுநிலையினரைப் பற்றி வெளியிட்ட ஏடு, ஆசிரியப் பணியை ஓர் அழைத்தலாகவே பார்த்தது. சங்க ஏட்டின் 60ஆம் ஆண்டை ஒட்டி 2025 அக்டோபர் இறுதியில் திருத்தந்தை பதினான்காம் லியோ வெளியிட்ட திருத்தூது மடலும், ஆசிரியர் உருவாக்கம் அறிவுத் தளத்திலும் கற்பித்தல் தளத்திலும் பண்பாட்டுத் தளத்திலும் ஆன்மீகத் தளத்திலும் நடைபெற வேண்டும் என்று வற்புறுத்துகிறது. அறிவை ஒருபுறமும் பக்தியை மறுபுறமும் பிரித்து வைக்கும் பழக்கம் திருச்சபையின் போதனையில் இல்லை.

எம்மாவு வழியை நினைத்துப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவர் அந்த இரு சீடர்களிடம் எடுத்தவுடன் மறைநூலை விளக்கவில்லை. என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை, தவறாகப் புரிந்துகொண்டதையும் சேர்த்து, சொல்லி முடிக்கும்வரை கூடவே நடந்தார். அதன்பிறகுதான் கற்பித்தார். பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்ததிலிருந்து தொடங்கு என்று இன்றைய கல்வி உளவியல் சொல்வதும் இதைத்தான். கடற்கரைப் பிள்ளை வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லும். வலையின் கண்ணளவு அதற்குத் தெரியும். சூழ்நிலையியல் பாடத்தில் திசைகளைக் கற்பிக்கும் ஆசிரியர் அதைக் கேட்காமல் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தால், அவர் எம்மாவு வழியில் நடக்கவில்லை.

பிரம்பு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. "கான்வென்ட் ஸ்கூல் என்றால் கண்டிப்பு" என்று பெருமையாகப் பேசும் பெற்றோர் நம்மில் இன்னும் உண்டு. கண்டிப்பு வேறு, அடி வேறு. நாற்பது பிள்ளைகளை அடிக்காமல் அமர வைப்பதற்கும் கற்றுக்கொள்ள வேண்டிய முறைகள் உண்டு. அவை கற்பிக்கப்படாத ஆசிரியர் களைத்துப்போகும்போது கை ஓங்குகிறார்.

சாதியைப் பற்றிப் பேசாமல் தென் தமிழகத்தில் ஆசிரியர் பயிற்சியைப் பற்றிப் பேசுவது பொய்யாகிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒரு மாணவர் அவர் வீட்டுக்குள்ளேயே உடன் படிக்கும் மாணவர்களால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தார். அதையொட்டி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பற்றித்தான் ஊடகங்கள் அதிகம் பேசின. அந்தக் கயிறு பன்னிரண்டாம் வகுப்பில் கட்டப்படுவதில்லை. முதல் வகுப்பில் யாரை யார் அருகில் உட்கார வைக்கிறோம், யாரைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்கிறோம், யாரைக் கூட்டச் சொல்கிறோம் என்பதில் அது முடையத் தொடங்குகிறது. நம் கல்லறைகளில் சாதிச் சுவர் எழுப்பியிருந்த ஊர்கள் இருந்தன என்பதை நாம் மறந்துவிட முடியாது. ஆகவே இந்தப் பாடத்தை நம் ஆசிரியர் பயிற்சி விருப்பப் பாடமாக வைக்க முடியாது.

சிறுபான்மை உரிமையும் நியாயமான கூலியும்

அரசியல் சாசனத்தின் 30ஆவது பிரிவு நமக்குத் தந்திருக்கும் உரிமை விலைமதிப்பற்றது. அதைக் காக்க வழக்காடுவது நம் கடமை. நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கவும், ஆசிரியர்களை நாமே நியமிக்கவும், நம் பள்ளியின் முகத்தை நாமே வடிக்கவும் அவ்வுரிமை வேண்டும். ஆனால் நிர்வகிக்கும் உரிமை, சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமையல்ல என்று உச்ச நீதிமன்றம் 1958இல் கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையிலேயே தெளிவுபடுத்தியது. ஆசிரியரின் தகுதியைக் குறைத்துக்கொள்வதற்கு நாம் அந்த உரிமையைப் பயன்படுத்தினால், உரிமையைப் பறிக்க நினைப்பவர்களுக்கு நாமே ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறோம். விலக்கு இருந்தாலும் நம் ஆசிரியர்கள் தேர்வெழுதலாம்; எழுத வேண்டும் என்றே நாம் கருதுகிறோம்.

அதே மூச்சில் இதையும் சொல்கிறோம். 150 மதிப்பெண்ணுக்கு விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தேர்வு ஆசிரியரை உருவாக்குவதில்லை. குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று ஐந்து பகுதிகளில் ஆசிரியருக்கு என்ன தெரியும் என்பதை அது சோதிக்கிறது. அழும் பிள்ளையின் அருகே அவர் எப்படிக் குனிகிறார் என்பது அந்தத் தாளில் வராது. நாற்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளைகளையும் வயதான மாமியாரையும் கவனித்துக்கொண்டு, இரவு பத்து மணிக்குமேல் புத்தகத்தைத் திறக்கும் நம் ஆசிரியைகளைக் கேலி செய்வது பாவம். மறைமாவட்டக் கல்வி அலுவலகம் சனிக்கிழமைகளில் பயிற்சி வகுப்பு நடத்தலாம். தேறாதவர்களைப் பெயர் சொல்லிப் பலகையில் எழுதாமல் இருந்தாலே பாதி உதவி.

அமெரிக்காவில் திருச்சிலுவை சபையினரின் நோட்டர்டேம் பல்கலைக்கழகம் 1993இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பட்டம் முடித்த இளையோர் இரண்டு ஆண்டுகள் வசதியற்ற கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றுகிறார்கள். சிறு குழுக்களாக ஒரே வீட்டில் வாழ்ந்து சேர்ந்து செபிக்கிறார்கள். கோடை விடுமுறைகளில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். முடிவில் கல்வியியலில் முதுகலைப் பட்டம் பெறுகிறார்கள். அப்படியே இங்கே நகல் எடுக்க முடியாது. அங்கே இரண்டு ஆண்டுச் சேவை. நம் ஆசிரியைகளுக்கு அது ஆயுள் முழுவதற்குமான பணி. ஆனால் மே மாத விடுமுறையைப் படிப்புக்காக்குவதும், பள்ளியை விட்டு விலகாமலே பட்டம் பெறுவதும், கட்டணத்தை ஏழையின் தலையில் வைக்காததும் நமக்கும் ஆகக்கூடியவை. திருச்சி புனித வளனார் கல்லூரிக்கு வயது 180ஐத் தாண்டிவிட்டது. திருச்சி ஹோலி கிராஸ், பாளையங்கோட்டை புனித சவேரியார் ஆகிய இரண்டும் 1923இல் பிறந்தவை. தூத்துக்குடி புனித மரியன்னை 1948இல், மதுரை பாத்திமா 1953இல். பல துறைகள் ஒரே வளாகத்தில் இருக்கும் கல்லூரியில்தான் ஆசிரியர் கல்வி நடக்க வேண்டும் என்று கொள்கை சொல்கிறதென்றால், அப்படிப்பட்ட வளாகங்கள் நம்மிடம் ஏற்கனவே நிற்கின்றன. கணிதத் துறையும் தமிழ்த் துறையும் உளவியல் பேராசிரியரும் ஒன்றாம் வகுப்பைப் பற்றி ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவதற்கு அவர்களை யாராவது கேட்க வேண்டும்.

படிப்பு உயர்ந்தால் ஊதியமும் உயர வேண்டும். 2009 ஜூன் முதல் நாளுக்குப்பின் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படை ஊதியம் 5,200 ரூபாய் என்றும், அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு 8,370 ரூபாய் என்றும் நிர்ணயிக்கப்பட்டதால், சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் அமர்ந்தார்கள். அது அரசின் கணக்கு. நம் கணக்கையும் பார்ப்போம். மானியம் இல்லாத நம் நர்சரிப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பள்ளிகளிலும் எல்.கே.ஜி. ஆசிரியை வாங்கும் சம்பளத்தை, அதே பள்ளி வேனின் ஓட்டுநர் வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளரின் நியாயமான கூலியைப் பற்றி எழுதிய சுற்றுமடலை நாம் மே தினத் திருப்பலியில் விளக்குகிறோம். அது ஆலைகளுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. "ஊழியம்தானே, சம்பளத்தைப் பார்க்கலாமா?" என்று இளம் ஆசிரியையிடம் கேட்கும் வழக்கத்தை நம் நிர்வாகங்கள் விட்டுவிடுவது நல்லது.

பங்குப் பேரவைகளுக்கும் இதில் வேலை உண்டு. ஆண்டுத் திருவிழாவுக்கு நாம் செலவழிக்கும் தொகை ஒவ்வொரு பங்கிலும் சிறியதல்ல. சப்பரமும் கொடியேற்றமும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கினால், பங்கிலிருந்து ஒரு பெண்ணையாவது தொடக்கக் கல்வியில் பட்டம் படிக்க அனுப்பலாம்; பக்கத்துப் பங்குகள் இரண்டு மூன்று சேர்ந்தால் விடுதிச் செலவும் சேரும். எங்கள் பேரவையில் இதைக் கொண்டுவந்தபோது இளைஞர்கள் ஒத்துக்கொண்டார்கள், பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அந்தப் பெண் படித்து முடித்து வேறு ஊருக்குக் கல்யாணமாகிப் போய்விட்டால் நம் பணம் என்னாவது என்று ஒருவர் கேட்டார். வேறு ஊரிலும் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று அன்பியப் பொறுப்பாளரான ஓர் அம்மா பதில் சொன்னார். சென்ற ஆண்டுத் திருவிழாவின் வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.